கட்டத்தாளின் நடுப்புள்ளி

அக்டோபர் 13, வியாழன்

உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை. வானத்தைப் பற்றிய பனிக்காலப் பேச்சுத் தொடரின் முதல் கூட்டம் இன்று. இன்றைக்குச் சூரியன் தெற்கே உச்சிக்கு ஏறியபோது கடிகாரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது என்றேன். முதல் வரிசையிலிருந்து ஸ்தோய்ச்சோ அண்ணன் எழுந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு கூட்டம் விடமாட்டார். "அப்ப இத்தனை வருஷம் நான் ரயிலைத் தப்பான நேரத்துக்கா ஓட்டினேன்?"

"இல்லண்ணே. முன்னெல்லாம் ஊருக்கு ஊர் அதது தன் சூரியனைப் பார்த்து நேரம் வெச்சுக்கிச்சு. ரயில் வந்ததும் அது சரிப்படலை. எல்லாருமா சேர்ந்து ஒரே தப்பை வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணினோம்."

கூடமே சிரித்தது. இப்படி ஒரு பதில் வாயில் தானாக வந்து விழும்போது எனக்கே என்னைப் பிடித்துப்போகும்.

குன்றிலிருந்து வீட்டுக்கு இறங்கும்போது ருமியானா ஆரம்பித்தாள். எங்கள் வானாய்வகத்தில் வேலை பார்ப்பது நாங்கள் இரண்டே பேர், புருஷனும் பெண்டாட்டியும். இருபத்திரண்டு வருடமாக நான் பேசுகிறேன், அவள் படம் ஓட்டுகிறாள். அக்டோபரில் கடிகாரத்தில் தொடங்கி மார்ச் கடைசியில் அண்டத்தின் முடிவில் போய் நிற்கும் தொடர்.

"அடுத்த வருஷம் நான் பேசட்டுமா, ஒக்னியான்?"

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"வேண்டாத வேலையா? எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடம் வேற, பேசறது வேற. சனத்தைக் கட்டிப்போடணும். உனக்கு அது வராது."

அவள் எனக்கு முன்னே விறுவிறுவென்று இறங்கிப் போனாள். ராத்திரிக் காளான் சூப் மட்டும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 20, வியாழன்

இன்று நாட்காட்டி. பூமி சூரியனைச் சுற்றி முடிக்கும்போது கால் நாள் மிஞ்சும். அந்தக் கால் நாளிலும் ஒரு சொட்டுக் குறையும். அந்தச் சொட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பல நூற்றாண்டு கழித்து விழித்துக்கொண்டோம். எங்கள் நாட்டில் பழைய நாட்காட்டியை மாற்றிய 1916இல் மார்ச் 31ஆம் தேதி படுத்த சனம் ஏப்ரல் 14ஆம் தேதி எழுந்தது. "நடுவுல பொறந்தநாள் வர்றவனுக்கு அந்த வருஷம் வயசே ஏறலையா?" என்றார் ஸ்தோய்ச்சோ அண்ணன்.

ருமியானா தொடரைப் பற்றி மறுபடி கேட்டாள். அடுத்த வாரச் சூரிய கிரகணம் முடியட்டும், பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

வலது கண். நடுவில் ஒன்றுமே இல்லை. ருமியானா அழுதுகொண்டே இருக்கிறாள். எழுத முடியவில்லை.

அக்டோபர் 27, வியாழன்

கூட்டம் ரத்து. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நல்லா இருக்கிற இடது கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஆனாலும் கை கோணுகிறது.

செவ்வாய் மதியம் சூரிய கிரகணம், பாதிகூட மறையாத கிரகணம். வானாய்வக முற்றத்தில் சின்னத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தோம். ஊரே வந்திருந்தது. எங்கள் வானாய்வகத்துக்கு மேலதிகாரியான துணை மேயர் தெமிரெவ் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். குழாயின் முன்வாயில் ஃபில்டர் – வெயிலில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிற கறுப்புத் தகடு. அது இருக்கும்வரை பச்சைக் குழந்தைகூடப் பார்க்கலாம். ஆனால் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மேகத்துக்கு மேல் ஃபில்டரும் சேர்ந்தால் உள்ளே கும்மிருட்டு. வரிசையில் நின்ற சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் இருப்பவன் மட்டும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மேகத்தையே ஃபில்டராக நினைத்துக்கொள்வது. வெளியாள் பயப்படுவான், கிட்டேயே வரமாட்டான். நாங்கள்தான் தகட்டைக் கழற்றிவிட்டு மேகத்தின் ஊடே பார்ப்போம். முன்னேயும் பார்த்திருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. ருமியானா கழற்றினாள். பார்த்தாள். "ஐயோ, என்ன அழகு! ஒக்னியான், ஓடி வா, கடிச்சு வெச்ச ரொட்டி மாதிரி!"

ஓடினேன். கண் வைத்தேன். பார்த்தவன் எழுந்து வரவேண்டியதுதானே? கூட்டத்துக்கு வர்ணனை கொடுக்க ஆரம்பித்தேன். "சந்திரன் இப்ப நல்லா ஏறிடுச்சு, சனங்களே, விளிம்புல மலை முகடெல்லாம்..." மேகம் விலகியது. வலிக்கவே இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது என்று இதே முற்றத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ருமியானா கத்திக்கொண்டே என்னைப் பிடித்துத் தள்ளினாள். நான் புல்லில் உருண்டேன். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். சாயங்காலம் ரொட்டி அறுக்கும்போது கத்திக்குப் பிடி இருந்தது, நுனி இருந்தது, நடுப்பாகம் இல்லை.

நேற்று ப்ளோவ்திவ் நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஹலாச்சேவா வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். "மேகம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு, அதனாலதான் இந்தப் பேச்சாவது பேசறோம். இதுக்கு மருந்து கிடையாது. சில பேருக்குத் தானா திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. ஆறு மாசம். அதுக்குள்ள வந்தா வந்ததுதான்." ஒரு கட்டத்தாள் கொடுத்தார். நடுவில் ஒரு புள்ளி. தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியைப் பார்க்க வேண்டும், கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று.

ருமியானா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்குப் புள்ளியே தெரியவில்லை. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிளம் பழம் அளவுக்குச் சாம்பல். அதைச் சுற்றிக் கோடெல்லாம் நெளிகிறது.

அக்டோபர் 28, வெள்ளி

தெமிரெவ் மேலே ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. "யாரு கழட்டினது?"

"நான்தான்."

ருமியானா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"வரிசையில சின்னப் பிள்ளைங்க நின்னுச்சுங்க, தெரியுமா? வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். உங்களுக்கு உங்க கண்ணே போயிருச்சு. உங்களை நான் என்னத்தைச் சொல்ல?" தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் ருமியானா கேட்டாள், "ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன, உன்னை மாட்டிவிடவா?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டிருக்கேன். கண்ணு திரும்பிட்டா சரி, இதோட விட்டுடுவோம். திரும்பலைன்னா தெமிரெவ்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வேலையை விட்டுடுவேன். உன் கண்ணை அவிச்சுட்டு அந்தக் குன்று மேல ஏற எனக்குக் கால் வராது" என்றாள்.

அழுகையில் சொல்கிறாள், ஆறிப்போகும். ஆனால் இன்று என் மேல் எனக்கே மரியாதை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அக்டோபர் 30, ஞாயிறு

கோடை நேரம் முடிந்தது. கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினோம். முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு, "போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் தள்ள முடியாதா?" என்றாள் ருமியானா.

நவம்பர் 10, வியாழன்

கூட்டம் எப்போதையும்விட அதிகம். என் பேச்சைக் கேட்கவா, என் கண்ணைப் பார்க்கவா? எதுவாக இருந்தால் என்ன.

சந்திரன் கடல்களை இழுத்து இழுத்து பூமியின் சுழற்சிக்கு பிரேக் போடுகிறது. நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அந்தக் கூலியைச் சந்திரனும் கொடுக்கிறது: ஒவ்வொரு வருடமும் ஒரு கட்டைவிரல் நீளம் விலகிப் போகிறது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகிற இரண்டில் ஒன்றை மெதுவாக்கினால் மற்றது தள்ளிப் போகும் என்றேன்.

படத்தின் கீழே இருக்கும் சின்ன எழுத்துகளை ருமியானா என் காதருகே நின்று வாசித்தாள். இடது கண் சரியாகத்தானே இருக்கிறது, எனக்கே தெரியும். ஆனாலும் தடுக்கவில்லை. அடுத்த வருடத் தொடரைப் பற்றி அவள் இப்போதெல்லாம் பேசுவதில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

புனித நிக்கலஸ் நாள். கெண்டை மீன் சமைக்கிற நாள். முள்ளெல்லாம் எடுத்துவிட்டு மீனை என் தட்டில் வைத்தாள். "பார்த்து, இதுலயும் எதையாவது கழட்டிடப்போற" என்றேன்.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அவள் சாப்பிடவில்லை. தமாஷுக்குத்தான் சொன்னேன். இங்கே எழுதிப் பார்க்கும்போது தமாஷாக இல்லை. சரி, எனக்கு மட்டும் என்ன, கல்லா? வலது கண்ணால் முகம் பார்த்தால் மூக்கு இல்லாமல் தெரிகிறது. கோபம் வராதா?

டிசம்பர் 15, வியாழன்

சூரியனைப் பற்றி. உள்ளே பிறக்கிற வெளிச்சம் முட்டி மோதி மேற்பரப்புக்கு வர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். அங்கிருந்து நம் கண்ணுக்கு எட்டே நிமிடம். ஸ்தோய்ச்சோ அண்ணன் எழுந்து, "அவ்வளவு வருஷம் நடந்து வந்து உங்க கண்ணுலதான் விழணுமா அது?" என்றார். நல்ல மனிதர். அத்தோடு கூட்டத்தை முடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 24, சனி

காலையில் கட்டத்தாளின் முன் நின்றேன். இடது கண்ணைப் பொத்தினேன். சாம்பல் இருந்தது, ஆனால் பிளம் பழம் அல்ல. ஒரு மொச்சை விதை. அதன் நடுவே மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, புள்ளி!

ருமியானாவைக் கூப்பிடப் போனேன். அவள் கூடத்தில் புர்காஸில் இருக்கும் அக்கா பென்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம். "இல்லக்கா, இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா சரியாயிடும், பாரேன். சரியானதும் முதல் வேலையா அவர்கிட்ட கேக்கப் போறேன். அடுத்த வருஷம் தொடரை நான்தான் பேசுவேன். விடமாட்டேன், ஆமா!"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. "இன்னிக்கு எப்படி?"

"அப்படியே இருக்கு."

சிரிப்பு போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு பீன்ஸ் பானையைக் கிளறப் போனாள். எதற்காக அப்படிச் சொன்னேன்? நாளைக்குச் சொல்லிவிடலாம். நாளைக்குச் சொன்னால் பண்டிகைப் பரிசு மாதிரி இருக்கும்.

டிசம்பர் 25, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜனவரி 5, வியாழன்

ஒரு நாள் பொய் சொல்லிவிட்டால் மறுநாள் உண்மையைச் சொல்வது சுலபமில்லை; நேற்றையதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். தினமும் காலையில் கேட்கிறாள். தினமும் "அப்படியே" என்கிறேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அவள் என்னைக் கைப்பிடித்துப் படியிறக்குகிறாள். என் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள். ராத்திரி கட்டுரைகளை வாசித்துக் காட்டுகிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கவனித்ததில்லை. இதில் என்ன தப்பு? கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே. கண்ணை இழந்தது நான்தானே.

இழந்தேனா? – இந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதப்போவதில்லை.

ஜனவரி 19, வியாழன்

மின்சாரம் மிச்சம் பிடிக்க நகராட்சி மாலையிலேயே தெருவிளக்குகளை அணைக்கிறது. ஊர் சபிக்கிறது. எங்களுக்கோ இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து காணாத வானம். கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய் பால்வழியைக் காட்டினேன். கிழவிகள் வாயடைத்து நின்றார்கள்.

மங்கலான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நேராகப் பார்க்கக் கூடாது. சற்றுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணின் நடுப்பாகம் எல்லோருக்குமே குருடுதான். அதைச் சொல்லிக்கொண்டே இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணால் ஆந்திரமேடாவின் புகைத்துளியைப் பார்த்தேன். அது நம் பால்வழிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம். இந்த வெளிச்சம் கிளம்பியபோது மனிதனே இல்லை.

"தெரியுதா?" ருமியானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலது கண்ணுலயா? நிஜமாவா?"

"பக்கவாட்டுல தெரியுது. நடுவுல இல்லை."

"கடவுளே, முழுசாப் போயிடலை! முழுசாப் போயிடலை!" எல்லோர் முன்னாலும் அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பார்த்தது உண்மை, சொன்னது பாதி. அந்தப் பாதிக்கே இவ்வளவு சந்தோஷமா அவளுக்கு? முழுசும் சொன்னால் என்ன ஆவாள்? அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையைத்தான் விடுவித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, வியாழன்

நட்சத்திரங்களின் சாவு. எரிபொருள் தீர்ந்ததும் சிலது வெடிக்கும், சிலது ஊதிச் சுருங்கி மெல்ல ஆறும். அங்கே நடந்து முடிந்துவிட்டாலும் நமக்கு உடனே தெரியாது, வெளிச்சம் வந்து சேரவேண்டும். "அங்க நிலைமை எப்பவோ மாறியிருக்கும். நாம இங்க பழைய சேதியைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கிட்டிருப்போம்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகு புரொஜெக்டர் பக்கம் திரும்ப முடியவில்லை. அடுத்த படம், அடுத்த படம் என்று சுவரைப் பார்த்தே சொன்னேன்.

பிப்ரவரி 20, திங்கள்

கோடுகள் நேர். நாலு பக்கமும் நேர். புள்ளி ஊசி குத்தியது போல் நடுவில் நிற்கிறது.

"இன்னிக்கு எப்படி?" "அப்படியே."

மார்ச் 1, புதன்

ருமியானா என் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மார்ச் கயிறு கட்டினாள். எல்லோருக்கும் "நல்லா இரு, வெள்ளையா சிவப்பா இரு" என்று சொல்லிக் கட்டுவது வழக்கம். எனக்கு அப்படிச் சொல்லவில்லை. "கண்ணு வரட்டும்" என்று முடிச்சுப் போட்டாள். அவளுடைய மோதிரம் விரலில் தொளதொளவென்று சுற்றுகிறது. இவ்வளவு மெலிந்தது எப்போது?

சொல்லிவிடு, மடையா. இப்பவே சொல்லு. ஆனா என்னன்னு சொல்றது? கிறிஸ்துமஸ்லேர்ந்து தெரியுதுன்னா? எதுக்குடா மறைச்சேன்னு கேப்பாளே! 'நீ தொடரைக் கேட்டுடுவியோன்னு பயந்தேன்'னு சொல்லவா? ஐம்பத்தெட்டு வயசுல?

மார்ச் 14, செவ்வாய்

ப்ளோவ்திவுக்குத் தனியாகப் போனேன். கூட வருகிறேன் என்றாள். பஸ்ஸில் உனக்கு வாந்தி வரும், வேண்டாம் என்றேன். டாக்டர் ஹலாச்சேவா இரண்டு முறை பார்த்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "அதிர்ஷ்டக்காரர் நீங்க. தழும்பு இருக்கு, ஆனா பார்வை முழுசா வந்திருக்கு. வீட்டுல அவங்க எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! போன தடவை உங்களைவிட அவங்கதான் செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருந்தாங்க."

வீட்டில், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள்.

"இன்னும் பார்க்கணும்னாங்க."

பஸ்ஸிலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். 30ஆம் தேதி கடைசிக் கூட்டம். அண்டமே அணைந்துபோகிறது என்று சொல்லி முடித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருப்பதை வாசிக்க வேண்டும். கைதட்டலில் எப்போதிலிருந்து என்ற கேள்வியே எழாது. அன்று காலையில் திடீரென்று வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கும் அது ஒரு பெரிய விருந்தாக இருக்கும்.

மார்ச் 16, வியாழன்

அண்டம் விரிகிறது. திராட்சை போட்ட ரொட்டி மாவு உப்புவதுபோல. எந்தத் திராட்சையிலிருந்து பார்த்தாலும் மற்றதெல்லாம் தன்னைவிட்டு ஓடுவதாகத்தான் தெரியும். ருமியானா ஒரு படத்தைத் தவறவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் படம் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் 29, புதன்

காலையில் ஃப்ரிட்ஜின் பக்கத்தில் நின்றிருந்தாள். "கடைசியாக் கேக்கறேன், ஒக்னியான். இன்னிக்கு எப்படி?"

"அப்படியே" என்றேன். இன்னும் ஒரே நாள்தானே.

தலையை ஆட்டினாள். கட்டத்தாளை உரித்து எடுத்து, நாலாக மடித்து, குப்பையில் போட்டாள்.

மார்ச் 30, வியாழன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. நன்றாகப் பேசினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நூறு கோடி வருடத்தில் சூரியன் சூடேறி நம் கடல்கள் வற்றிவிடும். ஐந்நூறு கோடியில் அது ஊதிப் பெருத்துப் புதனையும் வெள்ளியையும் விழுங்கும், பூமியையும் விடுமா என்பது சந்தேகம். பிறகு சுருங்கி ஆறிக் கரிக்கட்டி. மற்ற விண்மீன் மண்டலங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்வைக்கு வெளியே ஓடிவிடும். அந்தக் காலத்தில் யாராவது வானம் பார்த்தால், தன்னைச் சுற்றியிருப்பது மட்டும்தான் உலகம் என்று நினைப்பான். மற்றவை இருந்ததற்குச் சாட்சியே இராது. கடைசி நட்சத்திரமும் தீரும். கருந்துளைகளும் ஆவியாகும். பிறகு குளிர், இருட்டு, நடப்பதற்கு ஒன்றுமில்லாத நேரம்.

"அப்ப தக்காளி நாத்து வாங்க வேண்டாங்கறீங்களா?" – ஸ்தோய்ச்சோ அண்ணன்.

"வாங்குங்கண்ணே. நூறு கோடி வருஷம் கைவசம் இருக்கு."

சிரிப்பு அடங்கியதும், "சனங்களே, இன்னொரு சேதி" என்று இடது கண்ணைப் பொத்தினேன். எதிர்ச்சுவரில் தீயணைப்பு விதிகள் தொங்குகின்றன. முதல் விதியிலிருந்து அச்சடித்தவன் பெயர் வரைக்கும் வாசித்தேன். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூடமே எழுந்து கைதட்டியது. ஸ்தோய்ச்சோ அண்ணன் "பலே! பலே!" என்று கத்தி, என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

ருமியானா புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைதட்டவில்லை. சனம் கலைந்த பிறகு மெதுவாக வந்தாள்.

"டாக்டர் எப்பச் சொன்னாங்க?"

"இன்னிக்குக் காலையிலதான் திடீர்னு..."

"டாக்டர் எப்பச் சொன்னாங்கன்னு கேட்டேன்."

"...பதினாலாம் தேதி."

"அதுக்கு முன்னாடி? கோடு எப்ப நேராச்சு?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சுது" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். "அஞ்சு மாசம் ஓடிருச்சு, இதுக்கு மேல பொறுக்க முடியலை. காலையில தெமிரெவ்கிட்ட போய்ச் சொல்லிட்டேன், கழட்டினது நான்தான்னு. வேலையை விடறேன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். உன் கடைசிக் கூட்டம் கெடவேண்டாம்னுதான் உன்கிட்ட சொல்லலை" என்றாள்.

"ருமி, அது இல்லை, நான் நாளைக்கே போய் –"

"தினமும் காலையில கேட்டேனே, ஒக்னியான். ஒரு நாள் விடாம கேட்டேனே."

புரொஜெக்டர் விசிறி நிற்கும்வரை காத்திருந்து, வில்லைக்கு மூடி போட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மார்ச் 31, வெள்ளி

அதிகாலைப் பஸ்ஸில் புர்காஸுக்குப் போய்விட்டாள், பென்காவின் வீட்டுக்கு. ஒரு பெட்டிதான்.

தெமிரெவிடம் ஓடினேன். அவங்க எழுதிக் குடுத்ததைக் கிழிச்சுப் போடுங்க, கண்ணு வந்தாச்சு, இனி என்ன என்று கெஞ்சினேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். "கண்ணு வந்ததுக்குச் சந்தோஷம். ஆனா அன்னிக்கு நீங்க என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீங்க. இப்ப அவங்க சொல்றது நிஜம்னா அவங்க போகணும். நீங்க சொன்னது நிஜம்னா நீங்க போகணும். எதுன்னு சொல்லுங்க."

"நான்தான் கழட்டினேன்" என்றேன்.

"இல்லை" என்றான் தெமிரெவ். "இன்னும் பொய்தான் சொல்றீங்க. அவங்க அழுத அழுகை எனக்குத் தெரியும்." அவள் விலகல் ஏற்கப்பட்டது. எனக்கு எச்சரிக்கை. வானாய்வகத்தைக் கோடை முடியும்வரை பூட்டிவைப்பதாகத் தீர்மானம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

உயிர்த்தெழுதல் பண்டிகை. சிவப்பு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் முட்டையால் மற்றவர் முட்டையை முட்டி உடைப்பது வழக்கம், அதற்கு எதிரே இன்னொரு கை வேண்டும். போன் செய்தேன். பென்கா எடுத்தாள். "அவ தோட்டத்துல இருக்கா" என்றாள். நாலு முறையும் தோட்டத்தில்தான் இருந்தாள்.

மே 9, செவ்வாய்

கண் அற்புதமாக இருக்கிறது. தூசி கூடத் தெரிகிறது.

மே 27, சனி

ஸ்தோய்ச்சோ அண்ணன்தான் சொன்னார், அவர் மகள் புர்காஸில் இருக்கிறாள். கடலோரத்து வாசகசாலையில் ருமியானா சனிக்கிழமைகளில் வானத்தைப் பற்றிப் பேசுகிறாளாம். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாத தலைப்பு. "எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்சத்திரம் இருக்குன்னா வானம் பூரா பகல் மாதிரி எரியணுமே, ஏன் எரியலை?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஒருவரும் அசையவில்லை. "ஏன்னா எல்லாத்துக்கும் ஒரு ஆரம்பம் உண்டு. ரொம்பத் தூரத்துல இருக்கறதோட வெளிச்சம் நம்மகிட்ட இன்னும் வந்து சேரலை. நாம பார்க்கற இருட்டு, இன்னும் வராத வெளிச்சம்." குறிப்புத்தாள் கையில் இல்லை. நரைத்த முடியை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். படத்தை அவளே மாற்றிக்கொண்டாள்.

முடிந்ததும், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள். கேள்வி ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனாலும் கையைத் தூக்கினேன். வேறு எப்படி அவளிடம் பேசுவது?

வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிசைக்கு வந்தாள். அவள் முகம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, கண்ணோரச் சுருக்கம் முதற்கொண்டு. என்னை நன்றாகப் பார்த்தாள், அவசரமே இல்லாமல்.

பிறகு, "அவருக்குப் பக்கத்துல, பச்சைக் கோட்டு போட்டிருக்கற அம்மா – நீங்க கேளுங்க" என்றாள்.